காய்ச்சல் விட்டது, நோய் விட்டதா?

மும்பையில் மழை ஓய்ந்து, கணபதியைக் கடலில் கரைத்துவிட்டு ஊர் மூச்சு விடுகிற நாட்களில், தாராவியிலும் செம்பூரிலும் ஆண்டுதோறும் ஒரு காட்சியைக் காணலாம். விடிவதற்கு வெகுநேரம் முன்பே எழுந்து இட்லி ஊற்றுகிற அம்மாள், இட்லித் துணியைப் பிழிய முடியாமல் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோட்டைப் பகுதியில் குமாஸ்தா வேலை பார்ப்பவர், காலையில் சட்டைப் பொத்தானைப் போட மனைவியைக் கூப்பிடுவார். கட்டட வேலைக்குப் போகிறவர், சாந்துச் சட்டியைத் தூக்கித் தலையில் வைக்கப் பக்கத்து ஆளைத் தேடுவார். விசாரித்தால் மூவரும் ஒன்றையே சொல்வார்கள்: ஒரு மாதத்துக்கு முன் நாலைந்து நாள் காய்ச்சல் அடித்தது, காய்ச்சல் விட்டுவிட்டது, கை கால் மட்டும் இன்னும் சரியாகவில்லை.

இதற்கு அவர்களுக்குக் கிடைக்கிற பதிலும் ஒன்றுதான். "காய்ச்சல்தான் விட்டுப் போச்சே, இன்னும் என்ன?" என்று மேஸ்திரி கேட்கிறார். ஆபீசில் மேனேஜர் அதையே இங்கிலீஷில் கேட்கிறார். வீட்டிலோ, "வயசானா அப்படித்தான்" என்கிறார்கள். நாலு பேர் சொன்ன பிறகு நோயாளிக்கே தன்மேல் சந்தேகம் வந்துவிடுகிறது. உண்மையிலேயே சோம்பலோ, மனப்பிரமையோ என்று எண்ணத் தொடங்குகிறார்.

அவர் பொய் சொல்லவில்லை. சோம்பலும் இல்லை. காய்ச்சல் விடுவது ஒன்று, நோய் விடுவது வேறொன்று என்பதை மருத்துவம் இன்று தெளிவாகவே சொல்கிறது. உடம்பில் புகுந்த வைரஸ் கிருமி போன பிறகும், அது மூட்டிவிட்ட கலகம் உடம்புக்குள் நீடிக்கலாம். சிலருக்கு அது வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், ஒரு சிலருக்கு வாழ்நாள் முழுவதும் நீடிக்கலாம். இதை முதலாளிகளும் அறியவேண்டும், தொழிலாளிகளும் அறியவேண்டும். அறியாமையால் போகிறது கூலி. சில வேளை போகிறது உயிர்.

உடம்பை வளைக்கும் காய்ச்சல்

சிக்குன்குனியா என்ற பெயரைக் கேட்டதும், கோழிக்கறி தின்பதால் வருவது என்று எண்ணிச் சிலர் கோழியை விட்ட கதை உண்டு. கோழிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. 1952-ல் ஆப்பிரிக்காவில், இன்றைய தான்சானியாவின் தென்பகுதியில் இந்தக் காய்ச்சல் பரவியபோது, அங்குள்ள மகொண்டே மக்கள் தங்கள் மொழியில் வைத்த பெயர் அது. உடம்பு வளைந்து கோணிப்போவது என்று அதற்குப் பொருள். மூட்டுவலி தாங்காமல் மனிதர்கள் குனிந்து நடந்ததைப் பார்த்து வைத்த பெயர்.

இந்தியாவில் 1963-ல் கல்கத்தாவிலும், 1964-ல் சென்னையிலும் வேலூரிலும் அது பரவியது. 1973-ல் மகாராஷ்டிரத்தின் பார்சி நகரில் தலைகாட்டியது. பிறகு ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அதன் பேச்சே இல்லை. 2005-ன் கடைசியில் ஆந்திரத்திலும் கர்நாடகத்திலும் மறுபடி கிளம்பி, 2006-ல் மட்டும் நாடெங்கும் 13 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் படுக்கவைத்தது. கர்நாடகத்துக்கு அடுத்து மகாராஷ்டிரமும் பலமாக அடிபட்டது. அன்று முதல் அது நாட்டை விட்டுப் போகவில்லை.

அந்த 2006-ஆம் ஆண்டின் பெரும் பாடம், காய்ச்சலைப் பற்றியது அல்ல. காய்ச்சல் ஒரு வாரத்துக்குள் போய்விட்டது. அதன் பிறகு விரல் கணுக்களும் மணிக்கட்டும் கணுக்காலும் வீங்கி, காலையில் எழுந்தால் கையை மடக்க முடியாமல் மாதக்கணக்கில் அவதிப்பட்டவர்கள்தான் அந்தப் பாடத்தைக் கற்றுக் கொடுத்தார்கள். பெரும்பாலோர் சில வாரங்களில் தேறினார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரு பகுதியினருக்கு மூன்று மாதம் கடந்தும் வீக்கம் வடியவில்லை. அவர்களில் சிலரது கைகள், முடக்குவாதம் வந்தவர்களின் கைகளைப் போலவே இருந்தன. முடக்குவாதமோ, உடம்பின் பாதுகாப்புப் படை தன் மூட்டுகளையே தாக்குவதால் வரும் நோய். இங்கேதான் கேள்வி எழுகிறது: கொசு கொண்டுவந்த கிருமி போன பின்பு, மூட்டைத் தாக்குவது யார்?

வேலியே பயிரை மேய்ந்தால்

உடம்புக்கு ஒரு காவல் படை உண்டு. ரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களும், அவை உண்டாக்கும் எதிர்ப்பொருள்களும் சேர்ந்ததுதான் அந்தப் படை. அந்நியக் கிருமி நுழைந்தால் அதை அடையாளம் கண்டு அழிப்பது அதன் வேலை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் விஞ்ஞானி பால் எர்லிக், இந்தப் படை சொந்த உடம்பையே தாக்குமானால் அது எத்தனை பயங்கரம் என்று எண்ணிப் பார்த்தார். இயற்கை அதற்கு இடம் கொடுக்காது என்றும் கருதினார். அவர் பெரிய மேதை. ஆனால் 1956-ல் லண்டனில் ஆராய்ச்சியாளர்கள், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வீங்கிய ஒரு வகை நோயாளிகளின் ரத்தத்தில், அந்தச் சுரப்பியையே எதிர்க்கும் பொருள் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். இயற்கை இடம் கொடுக்கத்தான் செய்கிறது என்பது நிரூபணமாயிற்று. வேலியே பயிரை மேய்வது கதையல்ல; உடம்பிலும் நடக்கிறது.

வைரஸ் கிருமி இதில் எப்படி வருகிறது? டாக்டர்கள் முக்கியமாக மூன்று வழிகளைச் சொல்கிறார்கள்.

முதலாவது, ஆள் மாறாட்டம். திருடனின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு தேடுகிற போலீஸ்காரர், அதே ஜாடையுள்ள அப்பாவியைப் பிடித்துக்கொண்டு போவதில்லையா? கிருமியின் மேலுள்ள ஏதோ ஒரு பொருள், உடம்பின் நரம்பிலோ மூட்டிலோ இதயத்திலோ உள்ள பொருளைப் போல இருந்துவிட்டால், கிருமியை அழிக்கத் தயாரான படை அதையும் அழிக்கப் புறப்பட்டுவிடுகிறது.

இரண்டாவது, தடியடி. கலவரம் நடக்கும் தெருவில் தடியடி நடந்தால், பால் வாங்க வந்தவனுக்கும் அடி விழும். கிருமியோடு நடக்கும் சண்டையின் வேகத்தில் பக்கத்திலுள்ள நல்ல திசுக்கள் சிதைகின்றன. சிதைந்த திசுவிலிருந்து வெளிப்படும் பொருள்களைப் பார்த்து, படை அவற்றையும் எதிரி என்று கணக்கில் எழுதிக்கொள்கிறது.

மூன்றாவது, நீறு பூத்த நெருப்பு. காய்ச்சல் போனாலும் கிருமியின் துண்டு துணுக்குகள் மூட்டு போன்ற இடங்களில் தங்கிவிடுகின்றன. அவை இருக்கும்வரை அபாயச் சங்கு நிற்பதில்லை, படையும் கலைவதில்லை. சிக்குன்குனியாவுக்குப் பின் நீடிக்கும் மூட்டு நோயில் இந்த வழிக்குப் பெரும் பங்கு இருக்கலாம் என்று கருதப்படுகிறது.

படைக்குள்ளேயே ஒழுங்கு காக்க ஒரு தனிப் பிரிவு இருக்கிறது என்பதும், அது தவறினால் சொந்த உடம்பே தாக்கப்படும் என்பதும் பின்னால் தெரியவந்த விஷயங்கள். இதைக் கண்டுபிடித்த ஜப்பானிய விஞ்ஞானி ஷிமோன் சகாகுச்சிக்கும், அமெரிக்கர்களான மேரி பிரன்கோ, பிரெட் ராம்ஸ்டெல் ஆகியோருக்கும் 2025-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மேஸ்திரி நம்பாத நோயை ஸ்டாக்ஹோம் நம்பியிருக்கிறது என்று இதைச் சொல்லலாம்.

ஒரு கோடிப் பேரின் ரத்தம்

வைரஸுக்கும் இத்தகைய நோய்களுக்கும் உள்ள உறவை வெறும் ஊகம் என்று தள்ளிய காலம் உண்டு. அந்தச் சந்தேகத்தை உலுக்கிய ஆராய்ச்சி ஒன்று 2022-ல் வெளிவந்தது. அமெரிக்க ராணுவத்தில் சேர்ந்தவர்களிடம் அவ்வப்போது எடுத்துச் சேமித்து வைத்த ரத்தத்தை ஹார்வர்டு விஞ்ஞானிகள் பயன்படுத்திக்கொண்டார்கள். இருபது ஆண்டுகளில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீரர்கள். அவர்களில் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் கண்ட 801 பேரின் ரத்தத்தைச் சோதித்தபோது, ஒரே ஒருவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் நோய் வருவதற்கு முன்பே எப்ஸ்டீன்-பார் என்ற வைரஸ் தொற்றியிருந்தது தெரிந்தது. அந்த வைரஸ் தொற்றிய பிறகு இந்த நோய் வரும் வாய்ப்பு 32 மடங்கு உயர்ந்தது.

இதே கணக்கின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். எப்ஸ்டீன்-பார் வைரஸ் உலகில் வயது வந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தொற்றியிருக்கிறது. அவர்களில் மிக மிகச் சிலருக்குத்தான் நரம்பு நோய் வருகிறது. வைரஸ் தீக்குச்சி மட்டுமே. பிறவியிலேயே வந்த உடலமைப்பு, வயது, ஆணா பெண்ணா என்பது, புகைப்பழக்கம் ஆகியவையெல்லாம் சேர்ந்துதான் விறகு. முடக்குவாதம் போன்ற நோய்கள் ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம் வருகின்றன. ஆகையால் காய்ச்சல் வந்தவர்களெல்லாம் பீதி அடையவேண்டியதில்லை. பீதிக்கும் அலட்சியத்துக்கும் நடுவில் கவனம் என்று ஒன்று இருக்கிறது. அதுதான் தேவை.

புனே தந்த எச்சரிக்கை

கவனம் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்கா வரை போகவேண்டாம். மும்பையிலிருந்து ரயிலில் மூன்று நான்கு மணி நேரத்தில் போய்ச் சேரும் புனே நகரம் போதும். 2025 ஜனவரியில், அங்கே சிங்ககட் சாலையை ஒட்டிய பகுதிகளில், நன்றாக நடமாடிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று கால் தளர்ந்து விழுந்தார்கள். சில வாரங்களில் சுமார் 200 பேர் ஆஸ்பத்திரிகளில் சேர்க்கப்பட்டார்கள். சிலர் செயற்கைச் சுவாசக் கருவியில் வைக்கப்பட்டார்கள். சிலர் பிழைக்கவில்லை.

அந்த நோயின் பெயர் கில்லன்-பாரே. 1916-ல், முதல் உலக யுத்தத்தின் நடுவே, இரண்டு பிரெஞ்சுச் சிப்பாய்களிடம் இதைக் கண்டு விவரித்த டாக்டர்களின் பெயரால் வழங்குகிறது. காவல் படை உடம்பின் நரம்புகளையே தாக்குவதால் கை கால் செயலற்றுப் போகும் நோய் இது. புனேயில் பலருக்கு, கால் தளர்வதற்குச் சில நாட்கள் முன்பு வயிற்றுப்போக்கு இருந்தது. மலத்தைச் சோதித்தபோது சிலரிடம் காம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியாவும், சிலரிடம் நோரோ வைரஸும் கிடைத்தன. கெட்டுப்போன குடிதண்ணீர்மேல் பலத்த சந்தேகம் விழுந்தது. இந்த பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள ஒரு சர்க்கரைப் பொருள், மனித நரம்பின் மேலுள்ள பொருளை அப்படியே ஒத்திருக்கிறது. மேலே சொன்ன ஆள் மாறாட்டத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இல்லை. வைரஸ்களும் இதே வேலையைச் செய்யும். 2013-14-ல் பசிபிக் கடலிலுள்ள பிரெஞ்சு பாலினேசியத் தீவுகளில் ஜிகா வைரஸ் பரவியபோது 42 பேருக்கு கில்லன்-பாரே வந்தது.

இந்த நோயின் அறிகுறிகளை ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்வது நல்லது. காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ கண்டு ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள், பாதத்தில் எறும்பு ஊர்வது போல் இருக்கும், மரத்துப்போகும். பிறகு இரண்டு கால்களும் தளரும். ரயில்வே பாலத்தின் படி ஏற முடியாது. உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது. தளர்ச்சி காலிலிருந்து கைக்கு ஏறும். விழுங்குவதிலும் மூச்சு விடுவதிலும் சிரமம் வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இதற்கு வைத்தியம் உண்டு: இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை ரத்தக் குழாய் வழியாகச் செலுத்துவார்கள், அல்லது ரத்தத்தின் நீர்ப்பகுதியை மாற்றுவார்கள். சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். நோய் வந்தவர்களில் பெரும்பாலோர் மீண்டும் நடக்கிறார்கள். தனியார் ஆஸ்பத்திரியில் அந்த மருந்தின் செலவு லட்சக்கணக்கில் போய்விடும் என்பதால், நகை அடகு வைத்துப் பணம் புரட்டும்வரை காத்திராமல், முதலிலேயே பெரிய அரசு அல்லது மாநகராட்சி ஆஸ்பத்திரிக்குப் போய்விடவேண்டும்.

குழந்தைகளின் தொண்டைப் புண்ணுக்கும் இங்கே ஒரு வார்த்தை. ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீடுகளில் அது சுலபமாகத் தொற்றும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவால் வந்த தொண்டைப் புண் ஆறி இரண்டு மூன்று வாரம் கழித்து, குழந்தைக்குக் காய்ச்சலும், ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்குத் தாவும் வலியும் வந்தால், அது ருமாட்டிக் ஜுரமாக இருக்கலாம். இதுவும் ஆள் மாறாட்டத்தின் விளைவுதான். இங்கே அடி விழுவது இதய வால்வுக்கு. சரியான சமயத்தில் பென்சிலின் கொடுத்தால் தடுக்கக்கூடிய இந்த நோய்க்குப் பிள்ளைகளைப் பறிகொடுப்பது கொடுமை.

ஒரே ஊசியில் குணம்

நோய் ஒரு பக்கம் இருக்க, அவசர வைத்தியம் செய்கிற கேடு இன்னொரு பக்கம். கூலிக்காரனுக்குப் பொறுமை கிடையாது என்று சொல்வது தவறு. அவனுக்கு அவகாசம் கிடையாது. ஒரு நாள் படுத்தால் ஒரு நாள் கூலி போயிற்று. அதனால் மூலையிலிருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய், "டாக்டர், நாளைக்கு வேலைக்குப் போகணும், ஒரே ஊசியில் சரியாகிற மாதிரி போடுங்க" என்கிறான். ஊசி போடப்படுகிறது. மறுநாள் வலி மாயமாகிறது. டாக்டர் தெய்வமாகிறார். பத்து நாளில் வலி திரும்பி வருகிறது, மறுபடி ஊசி. பிறகு அந்த மாத்திரையின் உறையை வைத்துக்கொண்டு மருந்துக் கடையில் தானே வாங்கிக்கொள்கிறான்.

அந்த ஊசியும் மாத்திரையும் பெரும்பாலும் டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு மருந்துகள். அவை விஷமல்ல; தெரிந்த டாக்டர், அளவறிந்து, காலக்கெடு வைத்துக் கொடுத்தால் அருமருந்து. கணக்கில்லாமல் தின்றால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு தேயும், மறைந்திருக்கும் காசநோய்கூடத் தலையெடுக்கும். பல வாரம் தின்றுவிட்டுத் திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. எல்லாவற்றையும்விடப் பெரிய தீமை, அவை நோயின் அடையாளத்தை மறைத்துவிடுவது. முடக்குவாதத்துக்குரிய சரியான மருந்தை ஆரம்பத்திலேயே கொடுத்தால் மூட்டு கோணாமல் காப்பாற்றலாம். ஊசியிலேயே ஒரு வருஷத்தைக் கழித்தவரின் விரல் கோணிய பிறகு, அதை நிமிர்த்த மருந்து இல்லை. கில்லன்-பாரே நோயிலோ, ஸ்டீராய்டு மாத்திரையால் பலனே இல்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன.

"ஊருக்குப் போனால் சரியாகிவிடும்" என்பது இன்னொரு நம்பிக்கை. ஊர்த் தண்ணீரும் ஓய்வும் பலருக்கு நல்லதே செய்யும். ஆனால் திருநெல்வேலிக்கு ரயிலேறும்போது சோதனைச் சீட்டுகளையும் மருந்துச் சீட்டுகளையும் கோலியிலேயே போட்டுவிட்டுப் போகிறார்கள். அங்குள்ள டாக்டர் முதலிலிருந்து தொடங்குகிறார். போன மருந்து என்ன என்று அவருக்குத் தெரிவதில்லை. ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, சீட்டுகளையெல்லாம் ரேஷன் கார்டைப் போலக் காப்பாற்றவேண்டும்.

"தர்த்" என்ற ஒரே சொல்

வெளி மாநிலத்தில் வாழும் தமிழனுக்கு இதில் தனியாக ஒரு கஷ்டம் இருக்கிறது. டாக்டர் இந்தியிலோ மராத்தியிலோ கேட்பார். தமிழில் வலி, உளைச்சல், குடைச்சல், விறைப்பு, மரத்துப்போவது, அசதி, தளர்ச்சி என்று ஒவ்வொன்றுக்கும் சொல் வைத்திருப்பவர், டாக்டர் முன் நின்றதும் "தர்த் ஹை" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். டாக்டரும் வலி மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார். தவறு யார் பேரிலும் இல்லை. சொல் இல்லாததுதான் தவறு.

இந்த நோய்களைப் பிரித்தறிய அந்தச் சொற்கள்தான் முதல் சோதனை. வேலை செய்தால் வலித்து, ஓய்ந்தால் குறைவது ஒரு வகை. அது பெரும்பாலும் தேய்மானம். காலையில் எழுந்ததும் கை விறைத்து, ஒரு மணி நேரம் போல மடக்க முடியாமலிருந்து, நடமாட நடமாடத் தளர்வது வேறு வகை, அது அழற்சி. வலி இல்லாமலே கால் தளர்வது மூன்றாவது வகை, அது நரம்பு. ஆகவே நான்கு இந்திச் சொற்களையாவது கற்றுக்கொள்வது நல்லது. விறைப்புக்கு "அகடன்", வீக்கத்துக்கு "சூஜன்", மரத்துப்போவதற்கு "சுன்ன", தளர்ச்சிக்கு "கம்ஜோரி". எத்தனை நாளாக, காலையிலா மாலையிலா, இரண்டு கையிலுமா ஒன்றிலா, அதற்கு முன் காய்ச்சல் எப்போது வந்தது என்பவற்றை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. படித்த பிள்ளை ஒன்று வீட்டில் இருந்தால் அன்று ஒரு நாள் பள்ளிக்கூடம் போகாவிட்டாலும் பரவாயில்லை.

லீவு பிச்சை அல்ல

இனி முதலாளிகள் பக்கம். அவர்கள் சொல்லும் நியாயம் ஒன்று உண்டு: "காய்ச்சல் விட்ட பிறகும் மாதக்கணக்கில் வலி என்று சொன்னால், உண்மையான நோயாளி யார், ஏமாற்றுகிறவன் யார் என்று எப்படித் தெரியும்?" கேள்வி நியாயமானது. பதிலும் இருக்கிறது. வீங்கிய மூட்டைத் தொட்டுப் பார்த்தால் டாக்டருக்குத் தெரியும். அழற்சி இருப்பதை ரத்தப் பரிசோதனைகள் காட்டும். நரம்பின் தளர்ச்சியைக் கருவி காட்டும். ரத்தப் பரிசோதனை ஒன்று மட்டும் சரியாக இருப்பதால் நோயே இல்லை என்று ஆகிவிடாது என்பதையும் டாக்டர் சொல்வார். மேஸ்திரி செய்யவேண்டியது தீர்ப்புச் சொல்வதல்ல, டாக்டரிடம் அனுப்புவது.

1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த இ.எஸ்.ஐ. திட்டம் இதற்காகவே இருக்கிறது. அதில் சேர்ந்து, ஆறு மாதக் கணக்கில் 78 நாட்களுக்குக் குறையாமல் சந்தா செலுத்திய தொழிலாளி, நோயுற்றால் வருஷத்தில் 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் பெறலாம். இந்த 91 நாள், சிக்குன்குனியாவுக்குப் பின் தேறப் பெரும்பாலோருக்குப் போதும். பக்கவாதம் போன்ற நீண்ட நோய்களுக்கு அதற்கு மேலும் உதவி உண்டு. இ.எஸ்.ஐ. டாக்டரின் சான்றிதழ் அவசியம். கார்டைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டு, தனியார் டாக்டரிடம் கடன் வாங்கிச் செலவு செய்கிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். கூலியில் சந்தா பிடித்துக்கொண்டு, அதைக் கட்டாமல் விடும் காண்டிராக்டர்கள் உண்டு. சந்தா கட்டப்படுகிறதா என்று நோய் வருவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்வது தொழிலாளியின் உரிமை.

சட்டம் கைகொடுக்காத இடங்களும் உண்டு. விடியற்காலையில் இட்லி ஊற்றும் அம்மாளுக்கு இ.எஸ்.ஐ. இல்லை, லீவும் இல்லை, மேனேஜரும் இல்லை. அப்படிப்பட்டவர்களுக்குச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. மழைக்காலம் முடிந்ததும், தமிழ்ச் சங்கங்களும் ஊர்ச் சங்கங்களும் ஆண்டு விழாவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பங்கை எடுத்து, மூட்டு நோய் தெரிந்த டாக்டரையும் தமிழ் தெரிந்த இரண்டு பேரையும் வைத்து ஒரு நாள் முகாம் நடத்தலாம். காய்ச்சலுக்கு மருந்துச் சீட்டு எழுதும் மாநகராட்சி டிஸ்பென்சரிகள், "மூன்று வாரத்துக்குப் பிறகும் வீக்கமோ தளர்ச்சியோ இருந்தால் மறுபடி வரவும்" என்ற ஒரு வரியை மராத்தியிலும் இந்தியிலும் தமிழிலும் சீட்டிலேயே அச்சிடலாம். கம்பெனிகள், காய்ச்சலிலிருந்து எழுந்தவருக்குச் சில வாரம் இலகுவான வேலை கொடுக்கலாம். இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை.

மூலத்தையும் மறக்கலாகாது. சிக்குன்குனியாவைப் பரப்பும் கொசு பகலில் கடிப்பது. சாக்கடையில் அல்ல, வீட்டில் பிடித்து வைத்த நல்ல தண்ணீரில் முட்டையிடுவது. வாரம் ஒரு முறை டிரம்மைக் காலி செய்து தேய்த்துக் கழுவி மூடி வைத்தால், அதற்குப் பாதிப் பிழைப்புப் போயிற்று. குடிக்கும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிப்பது புனே கற்பித்த பாடம். ஆனால் டிரம்மைக் கழுவச் சொல்கிற மாநகராட்சி, தினமும் குழாயில் தண்ணீர் விட்டால் டிரம்மே வேண்டியிராது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

காய்ச்சல் தெர்மாமீட்டரில் தெரிகிறது. அதனால் எல்லோரும் நம்புகிறார்கள். அதன் பின் வரும் நோய் நோயாளியின் வாய்ச்சொல்லில்தான் முதலில் தெரிகிறது. ஆகவே அதை யாரும் நம்புவதில்லை. அடுத்த முறை ஒருவர் வந்து, "காய்ச்சல் விட்டுது, கை மட்டும் மடங்க மாட்டேங்குது" என்று சொன்னால், அவரை உட்காரவைத்துக் கையைத் தொட்டுப் பார்த்து, டாக்டரிடம் அனுப்புங்கள். அந்தக் கை பல பேருக்குச் சோறு போடும் கை.